மேஜையை நகர்த்திய ஆர்ச் பிஷப்

ஒரு மேஜையை எங்கே போடுவது? சுவர் ஓரத்திலா, நடுக் கூடத்திலா?

வீட்டில் இப்படி ஒரு கேள்வி வந்தால் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருக்கும். பிறகு யாராவது ஒருவர் விட்டுக் கொடுத்து விடுவார்.

இங்கிலாந்து நாட்டில் யாரும் விட்டுக் கொடுக்கவில்லை! ஆலயத்தில் இருக்கும் மேஜையை எங்கே போடுவது என்று அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது. ஊருக்கு ஊர் கட்சி கட்டினார்கள். கோவில் நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள். மன்னரே உட்கார்ந்து வழக்கு விசாரித்தார்.

கடைசியில், மேஜையைச் சுவர் ஓரத்தில் போடச் சொன்னவருடைய தலை வெட்டப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவர் மீது சொல்லப்பட்ட புகார்களில் அந்த மேஜையும் இருந்தது.

அவர் பெயர் வில்லியம் லாட். காண்டர்பரி ஆர்ச் பிஷப். இங்கிலாந்து திருச்சபைக்கு மன்னர் தலைவர். மன்னருக்கு அடுத்த இடம் இவருக்கு.

ஜவுளி வியாபாரி மகன்

லண்டனுக்கு மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் ரெடிங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு ஜவுளி வியாபாரியின் மகனாக, 1573-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி லாட் பிறந்தார்.

பெரிய குடும்பம் அல்ல. பிரபு வம்சமும் அல்ல. பிற்காலத்தில் அவர் பெரிய பதவிக்கு வந்த பிறகும், துணிக்காரன் மகன்தானே என்று விரோதிகள் கேலி செய்தார்கள்.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார். 1589-ல் ஆக்ஸ்போர்டில் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ஆள் குள்ளம். சிவந்த முகம். சட்டென்று கோபம் வரும். எதையும் மென்மையாகச் சொல்லத் தெரியாது. ஆனால் படிப்பில் புலி.

1601-ல் குருப் பட்டம் பெற்றார். 1611-ல் தாம் படித்த கல்லூரிக்கே தலைவர் ஆனார்.

நடுவில் ஒரு தவறு செய்தார். ஒரு பிரபுவிடம் அவர் வீட்டுக் குருவாக இருந்தார். அந்தப் பிரபு, கணவனைப் பிரிந்து வந்த ஒரு சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். முதல் கணவன் உயிரோடு இருந்தான். திருச்சபைச் சட்டம் அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாது. இருந்தும், 1605-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி லாட் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

மன்னர் ஜேம்சுக்குக் கோபம். லாட்டுக்கோ அவமானம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை அவர் மனம் வருந்தும் நாளாகக் கடைப்பிடித்தார். பெரிய மனிதர்களின் விருப்பத்துக்காகச் சட்டத்தை வளைத்தது அது ஒரு முறைதான். பிறகு அவர் வளையவே இல்லை.

கல் போய் மரம் வந்தது

மேஜைச் சண்டை புரிய வேண்டுமானால், கொஞ்சம் முன்கதை தெரிய வேண்டும்.

பழைய காலத்தில் இங்கிலாந்து முழுவதும் ரோமாபுரி போப்பாண்டவரை ஏற்றுக்கொண்டிருந்தது. கோவில்களில், சூரியன் உதிக்கும் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டிக் கல்லால் ஆன பலிபீடம் இருக்கும். குருவானவர் அதன் முன் நின்று பூஜை செய்வார். மக்கள் தூரத்தில் நிற்பார்கள்.

எட்டாவது ஹென்றி மன்னர் 1534-ல் போப்பாண்டவரின் தொடர்பை வெட்டிக்கொண்டார். அவருடைய மகன் காலத்தில், 1550-ல், லண்டன் பிஷப் ரிட்லி கல் பீடங்களை இடிக்கச் சொன்னார். அந்த இடத்தில் மர மேஜைகள் வந்தன.

ஏன் மேஜை? ஏசுநாதர் தம் சீடர்களோடு கடைசியாக உணவு அருந்தினார். அதன் நினைவாகத்தான் திருவிருந்து நடக்கிறது. விருந்து என்றால் மேஜைதானே வேண்டும்? பலி கொடுப்பதற்குத்தானே பீடம்? இது சீர்திருத்தக்காரர்களின் வாதம்.

1553-ல் மேரி ராணி வந்தார். மறுபடியும் கல் பீடம்! ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எலிசபெத் ராணி வந்தார். மறுபடியும் மர மேஜை! கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் அந்தக் காலத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கும்.

எலிசபெத் ராணி கெட்டிக்காரர். இரண்டு கட்சிக்கும் பொதுவாக 1559-ல் ஓர் உத்தரவு போட்டார். சாதாரண நாட்களில் மேஜை பழைய பீடம் இருந்த இடத்தில் இருக்கட்டும். திருவிருந்து நடக்கும்போது மட்டும், எல்லோரும் பார்க்கவும் கேட்கவும் வசதியாக அதை முன்னே கொண்டுவரட்டும். முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்கட்டும்.

காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் அது கனமான ஓக் மர மேஜை. அதை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு அலைய யாருக்குப் பொறுமை? பல ஊர்களில் மேஜை நடுவிலேயே நின்றுவிட்டது. கிழக்கு மேற்காக நீளவாட்டில் கிடக்கும். சுற்றிலும் சபையார் இருப்பார்கள். சில ஊர்களில் உட்கார்ந்த இடத்துக்கே ரொட்டியும் திராட்சை ரசமும் வரும்.

ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடின. தாத்தா பார்த்தது அது. அப்பா பார்த்தது அது. அதுதான் எங்கள் கோவில் வழக்கம் என்று மக்கள் நினைத்தார்கள்.

தொப்பி வைக்கும் மேஜை

நடுவில் கிடக்கும் மேஜைக்கு என்ன கதி நேரும்? வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் எழுதிப் பழகினார்கள். கோவில் நிர்வாகிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து வரவு செலவுக் கணக்குப் பார்த்தார்கள்.

லாட்டுக்கு இது பொறுக்கவில்லை. மன்னரின் அரண்மனையில் மன்னர் உட்காராத போதும் சிம்மாசனத்துக்கு வணக்கம் செய்கிறார்கள். கடவுளின் மேஜைக்கு இந்த அவமரியாதையா என்று அவர் நினைத்தார். பிரசங்க மேடையில் இருந்து வருவது வார்த்தை. மேஜையில் இருந்து வருவதோ ஆண்டவரின் உடல். அதனால் ஆலயத்தில் எல்லாவற்றிலும் உயர்ந்த இடம் மேஜைதான் என்பது அவருடைய உறுதியான கருத்து.

1616-ல் மன்னர் ஜேம்ஸ் அவரைக் குளோஸ்டர் நகரப் பெரிய ஆலயத்துக்கு அதிபராக நியமித்தார். கோவில் சீர்கெட்டுக் கிடந்தது. அதைச் சரிப்படுத்த வேண்டும் என்பது மன்னர் உத்தரவு.

1617 ஜனவரியில் லாட் அங்கே போனார். போனதும் முதல் வேலையாக மேஜையைத் தூக்கச் சொன்னார். கிழக்குச் சுவரை ஒட்டி, வடக்கு தெற்காக, பழைய பீடம் இருந்த மாதிரியே வைக்கச் செய்தார்.

ஊரில் ஒரே முணுமுணுப்பு. போப்பாண்டவரின் பூஜையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார் என்றார்கள். குளோஸ்டர் பிஷப் மைல்ஸ் ஸ்மித் சாதாரண ஆள் அல்ல. 1611-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில பைபிளை மொழிபெயர்த்தவர்களில் ஒருவர். அதற்கு முன்னுரை எழுதியவர். அவரிடம் லாட் ஒரு வார்த்தை முன்கூட்டிப் பேசி இணங்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. மனம் கசந்த அந்த முதியவர், அதன் பிறகு சாகும் வரை தமது சொந்த ஆலயத்துக்குள் காலடி வைக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

லாட்டின் வாழ்க்கை முழுவதும் இதே கதைதான். செய்ய நினைத்தது சுத்தம், ஒழுங்கு, பக்தி. செய்த விதம் உத்தரவு.

மன்னர் சொன்ன தீர்ப்பு

1621-ல் லாட் பிஷப் ஆனார். 1625-ல் சார்லஸ் மன்னர் பட்டத்துக்கு வந்தார். லாட்டின் நல்ல காலம் தொடங்கியது. 1628-ல் லண்டன் பிஷப். 1633 ஆகஸ்டில் காண்டர்பரி ஆர்ச் பிஷப். அப்போது அவருக்கு வயது 59.

அந்த ஆகஸ்டில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒருவர் ரகசியமாக வந்து, ரோமாபுரியில் கார்டினல் பதவி வாங்கித் தருகிறேன், வருகிறீர்களா என்று ஆசை காட்டினார். லாட் மறுத்துவிட்டார். ரோமாபுரி இப்போது இருக்கிற மாதிரி இருக்கும் வரை அது நடக்காது என்று தம் டயரியில் எழுதி வைத்தார். மக்கள் நினைத்த மாதிரி அவர் போப்பாண்டவரின் ஆள் அல்ல. ஆனால் அந்த டயரி அப்போது யாருக்கும் தெரியாதே!

இதற்கு முன்பே, 1627-ல், கிராந்தம் என்ற ஊரில் மேஜைக்காகக் கைகலப்பு நடந்திருந்தது. அந்த ஊர்க் குருவானவர் மேஜையைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளினார். ஊர்த் தலைவர் ஆட்களோடு வந்து பழைய இடத்துக்கே இழுத்தார். அந்தப் பகுதியின் பிஷப் வில்லியம்ஸ் மத்தியஸ்தம் செய்தார். குருவானவரின் குரல் எந்த இடத்தில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்குமோ, அங்கே வைத்துத் திருவிருந்து நடத்துங்கள் என்றார். (அவருடைய சொந்த வீட்டுக் கோவிலில் மட்டும் மேஜை கிழக்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அது வேறு கதை.)

1633-ல் வழக்கு லண்டனுக்கே வந்துவிட்டது. செயிண்ட் பால் பெரிய ஆலயத்தின் சுவரை ஒட்டிச் செயிண்ட் கிரிகரி என்ற சிறிய ஆலயம் இருந்தது. பெரிய ஆலயத்து அதிகாரிகள் அங்கே மேஜையைக் கிழக்குச் சுவருக்கு நகர்த்தினார்கள். சபையாரில் ஐந்து பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் ஆலயத்தில் மேஜை எங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் வசதியைப் பொறுத்தது அல்லவா என்று கேட்டார்கள்.

நவம்பர் 3-ந் தேதி சார்லஸ் மன்னரே ஆலோசனை சபையைக் கூட்டினார். இரண்டு பக்கத்தையும் கேட்டார். பெரிய ஆலயத்தில் எப்படியோ, அப்படித்தான் பக்கத்து ஆலயத்திலும் இருக்க வேண்டும். இதைச் சபையாரின் இஷ்டத்துக்கு விட முடியாது. பிஷப் போன்ற மேல் அதிகாரிகள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்புக் கூறினார்.

ஐந்து பேரும் வீட்டுக்குப் போனார்கள். லாட்டின் கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது.

ஊர் ஊராகத் தச்சு வேலை

1634-ல் லாட் தம் அதிகாரிகளை மாகாணம் முழுவதும் சோதனை பார்க்க அனுப்பினார். மூன்று ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. எந்தெந்த ஊரில் மேஜை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். கிழக்குச் சுவருக்கு நகர்த்தச் சொன்னார்கள். அதற்கு முன்னால் மரக் கிராதி போடச் சொன்னார்கள்.

கிராதி எதற்கு? நாய்க்காக!

வேடிக்கை அல்ல. அந்தக் காலத்தில் கிராமத்து மக்கள் நாயோடுதான் கோவிலுக்கு வருவார்கள். நாரிச் பிஷப் ரென் 1636-ல் போட்ட உத்தரவில், கிராதி ஒரு கெஜம் உயரம் இருக்க வேண்டும், நாய் நுழைய முடியாதபடி கம்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. (லண்டனில் இன்றைக்கு நிற்கும் பிரம்மாண்டமான செயிண்ட் பால் ஆலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கு இவர் பெரியப்பா.)

1638-ல் கிறிஸ்துமஸ் அன்று, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டாட்லோ என்ற சிற்றூரில் ஒரு நாய் இந்த உத்தரவுக்கு நல்ல சாட்சி சொல்லிற்று. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாய் மேஜையருகே வந்தது. திருவிருந்துக்கு வைத்திருந்த ரொட்டியைக் கவ்வியது. ஓட்டம் பிடித்தது. சிலர் துரத்திப் பிடித்து ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து திரும்ப மேஜையில் வைத்தார்கள். நாய் வாய் வைத்த ரொட்டியைக் குருவானவர் தொட மறுத்தார். ஊரில் வேறு நல்ல ரொட்டி இல்லை. கிறிஸ்துமஸ் நாளில் அந்த ஊர் மக்கள் திருவிருந்து இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

இதைக் கேட்கும்போது லாட் சொன்னது நியாயம்தானே என்று தோன்றும்.

ஆனால் மறுபக்கம் இருந்து பாருங்கள். கிராதிக்கு மரம் வாங்க வேண்டும். தச்சருக்குக் கூலி கொடுக்க வேண்டும். எல்லாம் ஊரார் பணம். கிழக்குச் சுவர் ஓரம் சில இடங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எடு பெஞ்சை என்றால் கோபம் வராதா? கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கு, தூரத்துச் சுவர் ஓரம் நின்று குருவானவர் சொல்வது காதில் விழவில்லை. மேஜையைச் சுற்றிக் குடும்பம் மாதிரி கூடியவர்கள், இப்போது கிராதிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நாயைத் தடுக்கத்தான் வேலி என்றார்கள் அதிகாரிகள். எங்களையும் சேர்த்துத்தான் தடுக்கிறது என்றார்கள் ஜனங்கள்.

பியூரிட்டன்கள் என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். பழைய பூஜை முறையின் வாசனை கூட ஆலயத்தில் இருக்கக் கூடாது என்பவர்கள். மேஜை சுவருக்குப் போனால் அது பலிபீடம் ஆகிவிடும். இன்றைக்குப் பீடம், நாளைக்கு ரோமாபுரி என்று அவர்கள் அஞ்சினார்கள். ஒரு மரச் சாமானுக்குள் இவ்வளவு பயம் ஒளிந்திருந்தது.

சாமர்செட் பகுதியில் பெக்கிங்டன் என்ற ஊரின் கோவில் நிர்வாகிகள் இரண்டு பேர் மேஜையை நகர்த்த மறுத்தார்கள். பிஷப் அவர்களைச் சபையை விட்டு விலக்கி வைத்தார். சிறையிலும் போட்டார்கள். அவர்கள் திருடவில்லை, கொள்ளை அடிக்கவில்லை. இருந்த மேஜையை இருந்த இடத்தில் விட்டார்கள். அவ்வளவுதான்.

விந்தை என்னவென்றால், மேஜையின் இடம் மோட்சத்துக்கோ நரகத்துக்கோ உரிய விஷயம் அல்ல என்று லாட்டே ஒப்புக்கொண்டார். அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம். ஆனால் மரியாதைக்கும் ஒழுங்குக்கும் இதுவே ஏற்றது என்றார். எப்படியும் இருக்கலாம் என்றால் ஜனங்களை ஏன் சிறையில் போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுந்த காதுகள்

லாட்டை வெறும் கொடுமைக்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆக்ஸ்போர்டு நூல் நிலையத்துக்குச் சுமார் 1,300 கையெழுத்துச் சுவடிகளைக் கொடுத்தார். அவற்றில் அரபு, ஹீப்ரு மொழிச் சுவடிகளும் உண்டு. அரபு மொழி சொல்லிக்கொடுக்க 1636-ல் ஒரு பேராசிரியர் பதவியைத் தம் செலவில் ஏற்படுத்தினார். சொந்த ஊரான ரெடிங்கில் ஏழைப் பையன்கள் தொழில் கற்கவும், ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவுக்கும் சொத்து எழுதி வைத்தார். பொது நிலத்தை வளைத்துப் போட்டு ஏழைகளை விரட்டிய பெரிய மனிதர்களுக்கு அபராதம் போட்ட குழுவிலும் இருந்தார். அதனால் பணக்காரர்களும் அவரை வெறுத்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாம்பெத் மாளிகைத் தோட்டத்தில் ஓர் ஆமை வளர்த்தார். இரவில் கண்ட கனவுகளை எல்லாம் டயரியில் எழுதுவார். பல் எல்லாம் உதிர்ந்துபோன மாதிரி ஒரு நாள் கனவு. அதையும் எழுதியிருக்கிறார்.

ஆனால் எதிர்த்து எழுதியவர்களை அவர் விட்டு வைக்கவில்லை. வக்கீல் பிரின், டாக்டர் பாஸ்ட்விக், குருவானவர் பர்ட்டன் என்ற மூன்று பேர் பிஷப்புகளைத் தாக்கிப் புத்தகங்கள் எழுதினார்கள். ஸ்டார் சேம்பர் என்ற அரசாங்க கோர்ட்டு அவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1637 ஜூன் 30-ந் தேதி, நடுத் தெருவில் மரச் சட்டத்தில் மாட்டி நிறுத்தி மூவருடைய காதுகளையும் அறுத்தார்கள். பிரினுக்கு இது இரண்டாவது தடவை! முன்பு வெட்டியதில் மிச்சம் இருந்ததையும் அறுத்து, கன்னத்தில் சூடு போட்டார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கேலி செய்யவில்லை. அழுதது. லாட் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில் தீப்பிடித்தது. ஆங்கிலப் பாணியில் தயாரித்த புதிய ஜெபப் புத்தகத்தை எடின்பரோ ஆலயத்தில் ஜூலை 23-ந் தேதி முதன்முதலாகப் படித்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. காய்கறி விற்கும் ஒரு பெண் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி எறிந்தாள் என்று கதை உண்டு. கலகம் போராக மூண்டது. போருக்குப் பணம் வேண்டும். பணத்துக்குப் பார்லிமெண்டைக் கூட்ட வேண்டும். பதினோரு ஆண்டுகளாகப் பார்லிமெண்டே இல்லாமல் ஆட்சி செய்த சார்லஸ் மன்னர், 1640-ல் வேறு வழியின்றி அதைக் கூட்டினார்.

கிராதிக்கு நெருப்பு

1640-ம் ஆண்டு கோடை காலம். ஸ்காட்லாந்துப் போருக்கு ஆள் பிடித்து அனுப்பினார்கள். அந்தச் சிப்பாய்கள் போகிற வழியில் எசெக்ஸ் முதலிய பகுதிகளில் கோவில்களுக்குள் நுழைந்தார்கள். கிராதிகளைப் பிடுங்கினார்கள். வெளியே குவித்துக் கொளுத்தினார்கள். சில ஊர்களில் ஊராரும் சேர்ந்துகொண்டார்கள்.

மே மாதத்திலேயே லாம்பெத் மாளிகையைச் சுமார் 500 பேர் தாக்கினார்கள். லாட் முன்னதாகவே ஆற்றைக் கடந்து அரண்மனைக்குப் போய்விட்டதால் தப்பினார்.

அக்டோபர் 27-ந் தேதி மாலை. லாட் தம் படிப்பறைக்குள் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த அவருடைய படம், கயிறு அறுந்து, தரையில் குப்புறக் கிடந்தது. கெட்ட சகுனமாக இருக்கக் கூடாதே கடவுளே என்று டயரியில் எழுதினார்.

ஒரு வாரம் கழித்து பார்லிமெண்டு கூடிற்று. பிரினும் மற்ற இருவரும் விடுதலை ஆனார்கள். லண்டன் மக்கள் ஊர்வலமாக வரவேற்றார்கள். டிசம்பர் 18-ந் தேதி லாட் மீது ராஜத் துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. 1641 மார்ச் 1-ந் தேதி அவரை லண்டன் டவர் கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அவருடைய நண்பர் ஸ்டிராபோர்டு பிரபுவும் அங்கேதான் அடைக்கப்பட்டிருந்தார். மே 12-ந் தேதி காலை, ஸ்டிராபோர்டு கொலைக்களத்துக்கு நடந்து போனார். லாட்டின் ஜன்னலுக்குக் கீழே நின்று தலை வணங்கினார். கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆசீர்வாதம் செய்தார் லாட். அப்படியே மயங்கி விழுந்தார்.

செப்டம்பரில் பார்லிமெண்டின் கீழ்ச்சபை ஓர் உத்தரவு போட்டது. மேஜைகளைக் கிழக்குச் சுவரை விட்டு நகர்த்துங்கள், கிராதிகளை எடுத்துவிடுங்கள் என்றது. மறுபடியும் தச்சர்களுக்கு வேலை!

இந்தத் தடவையும் எல்லா ஊருக்கும் அது பிடிக்கவில்லை. கிராதி நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்ட ஊர்களும் இருந்தன. அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

காது இழந்தவர் கையில்

மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டது. சிறையில் இருந்த கிழவரை எல்லோரும் மறந்துவிட்டது போல் இருந்தது. ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

1643 மே 31-ந் தேதி அதிகாலையில், லாட் படுக்கையில் இருந்து எழுவதற்கு முன், சிப்பாய்களோடு ஒருவர் அறைக்குள் வந்தார். சட்டைப் பையைக் கூட விடாமல் சோதனை போட்டார். வழக்குக்காக லாட் எழுதி வைத்திருந்த குறிப்புகள், ஜெபங்கள் எழுதிய புத்தகம், டயரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் காது இழந்த பிரின்!

1644 மார்ச் 12-ந் தேதி விசாரணை தொடங்கியது. சாட்சிகளைத் திரட்டிக் கொடுத்ததே பிரின்தான். மேஜையை நகர்த்தியது, கிராதி போட்டது, மேஜைக்குத் தலை வணங்கியது, கண்ணாடி ஜன்னல்களில் படம் வைத்தது எல்லாம் வரிசையாக வந்தன. 70 வயதுக் கிழவர் வக்கீல்களுக்குச் சளைக்காமல் தாமே பதில் சொன்னார். ராணி எலிசபெத்தின் உத்தரவைத்தானே நான் நிறைவேற்றினேன் என்று வாதாடினார்.

சட்டப்படி எது ராஜத் துரோகம் என்று எடுத்துக் காட்ட முடியவில்லை. பார்லிமெண்டு என்ன செய்தது? வழக்கை விட்டுவிட்டது. இவருக்கு மரண தண்டனை என்று தனியாக ஒரு சட்டமே போட்டது. மன்னர் கொடுத்தனுப்பியிருந்த மன்னிப்புக் கடிதத்தை ஒதுக்கித் தள்ளினார்கள்.

1645 ஜனவரி 4-ந் தேதி அந்தச் சட்டம் நிறைவேறிற்று. அதே நாளில், லாட் உயிராக மதித்த ஜெபப் புத்தகத்துக்கும் பார்லிமெண்டு முடிவு கட்டியது. அதற்குப் பதிலாக வந்த புதிய முறையில், திருவிருந்துக்குச் சபையார் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும்.

பலகை இடுக்கு

ஜனவரி 10-ந் தேதி காலை. டவர் கோட்டைக்கு வெளியே மேடை போட்டிருந்தார்கள். பெரும் கூட்டம். லாட் மேடை ஏறினார். தாம் போப்பாண்டவரின் ஆள் அல்ல என்றும், பிறந்து வளர்ந்த இங்கிலாந்து திருச்சபையிலேயே சாவதாகவும் சொன்னார்.

மேடைப் பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தது. குனிந்து பார்த்தார். மேடைக்குக் கீழே ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒன்று அவர்களை அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டி இடுக்கை அடையுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டார். தம் ரத்தம் ஜனங்களின் தலையில் விழ வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

ஒரே வெட்டில் தலை துண்டானது. வயது 71.

கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஆலயத்தில் உடலைப் புதைத்தார்கள். தடை செய்யப்பட்ட பழைய ஜெபப் புத்தகத்தில் இருந்தே ஜெபம் படித்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1649 ஜனவரி 30-ந் தேதி, சார்லஸ் மன்னரின் தலையும் வெட்டப்பட்டது.

மறுபடியும் சுவர் ஓரம்

1660-ல் இரண்டாவது சார்லஸ் பட்டத்துக்கு வந்தார். பிஷப்புகளும் ஜெபப் புத்தகமும் திரும்பி வந்தார்கள். காது இழந்த பிரின் கூட இப்போது மன்னர் கட்சி! டவர் கோட்டையில் உள்ள பழைய தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது.

1662-ல் புதிய ஜெபப் புத்தகம் வந்தது. மேஜையைப் பற்றி அதில் என்ன எழுதினார்கள்? கிழக்குச் சுவரில்தான் வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஆலயத்தின் நடுவிலும் இருக்கலாம், கிழக்குப் பகுதியிலும் இருக்கலாம் என்ற பழைய வாசகத்தையே விட்டுவிட்டார்கள். முன்பு போல ஊர் ஊராகச் சிறைக் கதவுகளும் திறக்கவில்லை.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் ஊராக மேஜை சுவர் ஓரம் போயிற்று. கிராதியும் வந்தது. இந்தத் தடவை பல ஊர்களில் சபையாரே பணம் போட்டுச் செய்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான கோவில்களில் லாட் விரும்பியபடியே மேஜை அமைந்துவிட்டது. கிராதி அருகே மண்டியிடுவதுதான் எங்கள் கோவில் வழக்கம் என்று பேரப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் காற்று மறுபடி திரும்பிற்று. மேஜையைச் சபையாருக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். இதில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆங்கிலிக்கன் சபையும் வேறு சபைகளும் சேர்ந்து 1947-ல் தென் இந்தியத் திருச்சபை ஆயின. 1950-ல் அது வெளியிட்ட ஆராதனை முறையில், குருவானவர் மேஜைக்குப் பின்னால் நின்று, சபையாரைப் பார்த்தபடி திருவிருந்து நடத்தும் வழக்கம் இடம்பெற்றது. இங்கிலாந்துக்காரர்களும் அதைக் கவனித்தார்கள். பிறகு அங்கே பல பழைய கோவில்களில் மேஜை சுவரை விட்டு முன்னே வந்தது. இன்றைக்கும் ஆங்கிலிக்கன் கோவிலில் நிரந்தரமாக மேஜையை நகர்த்த, திருச்சபையின் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் மனுப் போடலாம். யாரையும் சிறையில் போடுவதில்லை.

லாட்டின் உடல் டவர் கோட்டை அருகே அதிக நாள் இருக்கவில்லை. 1663-ல் ஆக்ஸ்போர்டுக்கு எடுத்துப் போனார்கள். அவர் படித்து, தலைவராக இருந்த செயிண்ட் ஜான்ஸ் கல்லூரிக் கோவிலில், கிழக்குக் கோடியில், பீடத்துக்கு அடியில் வைத்தார்கள்.

லாம்பெத் தோட்டத்து ஆமை எஜமானரை விட நூறு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. 1753-ல் ஒரு தோட்டக்காரரின் கவனக்குறைவால் செத்துப்போயிற்று. அதன் ஓட்டை லாம்பெத் மாளிகையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.